செல்போன் ஸ்டார்ட்டர்: யார் அழைத்தாலும் மோட்டார் ஓடலாமா?

நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தாலும், செல்போன் ஸ்டார்ட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம். அதிலுள்ள சிம் எண்ணும் கடவுச்சொல்லும் தெரிந்தால், அடுத்தவரும் போடலாம்!

1234 போன்ற எளிய கடவுச்சொல்லோடு வரும் கருவி என்றால், பொருத்திய அன்றே மாற்றிவிடுங்கள். குடும்பத்தில் இரண்டு, மூன்று எண்களை மட்டும் பதிவுசெய்து, மற்ற அழைப்புகளை ஏற்காதபடி அமையுங்கள். சோதனைக்காக மெக்கானிக் பதிந்த எண்ணை நீக்கச் சொல்லக் கூச்சம் வேண்டாம். வேலையை விட்டுப் போனவர் எண்ணும் அப்படித்தான். பிறகு, பதிவில்லாத போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடக் கூடாது.

தண்ணீர் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கிணற்றில் ஆள் இறங்கியிருப்பது வீட்டில் போன் வைத்திருப்பவருக்குத் தெரியாது. பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.