ராஜேந்திர சோழனுக்கு மீண்டும் வர்ணம்

1971-ல் ஏர் இந்தியாவின் முதல் போயிங் 747 பம்பாய்க்கு வந்தபோது, அதன் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பில் ஒரு வளைவு தீட்டியிருந்தார்கள். ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோகா மாடங்களை அப்படியே எடுத்து வரிசையாக விமானத்தில் பதித்தது போன்ற வேலைப்பாடு. ‘வானத்தில் உங்கள் அரண்மனை’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விமானத்துக்குப் பெயர் ‘எம்பரர் அசோகா’. பின்னால் வந்த 747-களுக்கும் பேரரசர்களின் பெயர்கள்தான்: ஷாஜஹான், விக்கிரமாதித்தன், அக்பர், கிருஷ்ணதேவராயர். தமிழ் மண்ணிலிருந்து இரண்டு பேர் அந்த வரிசையில் இடம்பிடித்தார்கள். ஒருவர் ராஜேந்திர சோழன், இன்னொருவர் மகேந்திரவர்மன்.

அந்தத் தலைமுறை ஜம்போக்கள் எதுவும் இன்று ஏர் இந்தியாவுக்காகப் பறக்கவில்லை. ஆனாலும் சிவப்பு ஜரோகாக்களோடு ஒரு 747 இன்றும் பம்பாயில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆர்வலர்களின் வீட்டுக் கணினிகளில். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள்களில் விமானம் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு. அதற்குள்ளேயே இன்னொரு பொழுதுபோக்கு இருக்கிறது. அங்கே பறக்கும் விமானங்களுக்குப் பழைய காலத்து வர்ணத்தைத் திரும்பப் பூசுவது. ‘ரீபெயின்ட்’ என்பது அந்த வட்டாரத்தில் புழங்கும் சொல். பெரும்பாலும் காசு வாங்காமல், மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்கிறார்கள். விமான நிறுவனங்கள் உதறிவிட்ட வரலாற்றை இவர்கள் பொறுப்பாகப் பாதுகாக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அது உங்களுக்கும் புரியும்.

தோலை உரித்து விரிப்பது

சிமுலேட்டரில் இருக்கும் விமானம் ஒரு முப்பரிமாண வடிவம். அதன் மேல் போர்த்தியிருக்கும் தோல் மட்டும் தட்டையான படங்களாகத் தனியே இருக்கும். தையல்காரர் சட்டைக்கு வெட்டிவைத்த துணித் துண்டுகளைப் போல, முன்பக்க உடல், பின்பக்க உடல், இறக்கை, வால், இன்ஜின் உறை எல்லாம் ஒரு சதுரத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். இந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். விமானத்தை உருவாக்கியவர்களே பல நேரங்களில் ‘பெயின்ட் கிட்’ ஒன்றைத் தருவார்கள். அதில் தகட்டு இணைப்புகள், ஆணி வரிசைகள், கதவின் விளிம்புகள், நிழல் எல்லாம் தனித்தனி லேயர்களாக இருக்கும். அவற்றுக்குக் கீழே நம் வர்ணத்தைப் போட வேண்டும். ஃபோட்டோஷாப் இருந்தால் நல்லது. காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப்பிலும் இதைச் செய்யலாம்.

747-200 விமானத்தின் நீளம் சுமார் 70.6 மீட்டர். அதன் ஒரு பக்க உடலை, 4096 பிக்சல் அகலமுள்ள இரண்டு படங்களில் முழுதாகப் பரப்பினால், ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.9 சென்டிமீட்டர். நிஜத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கோடு என்றால் இங்கே அதற்கு ஐந்தாறு பிக்சல்தான். கோட்டின் ஓரம் ஒரு பிக்சல் பிசகினாலும், ஜன்னலருகே கேமராவைக் கொண்டுபோகும்போது பிசிறு தெரியும்.

சில பழைய மாடல்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இடம் மிச்சம் பிடிக்க, இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் ஒரே படத்தையே வைத்திருப்பார்கள். வெறும் பட்டையாக இருந்தால் பரவாயில்லை. எழுத்து என்றால் ஒரு பக்கம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். ஏர் இந்தியாவின் ஜம்போவில் நிறுவனத்தின் பெயர் ஒரு பக்கம் ஆங்கிலத்தில், மறுபக்கம் இந்தியில். அப்படிப்பட்ட மாடலில் அந்த விமானத்தைச் சரியாக வரையவே முடியாது. 1977-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து பஹ்ரைன் வழியாக லண்டன்–சிங்கப்பூர் கான்கார்டு சேவை நடத்தின. அதற்காக ஒரு கான்கார்டின் இடப் பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வர்ணம், வலப் பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வர்ணம். அதை வரைய நினைப்பவர்களும் இரு பக்கங்களுக்கும் தனித்தனிப் படம் உள்ள மாடலைத்தான் தேட வேண்டும்.

ஒரு ஜன்னல், ஒரு வளைவு

ஜரோகாவுக்கு வருவோம். கேட்கும்போது சுலபமான வேலையாகத் தெரியும். ஒரு வளைவை வரைந்து, ஜன்னல்தோறும் நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். உட்கார்ந்து செய்தால்தான் விஷயம் தெரியும்.

747-ல் சுமார் 50 சென்டிமீட்டருக்கு ஒரு ஜன்னல் வரும். ஆனால் அந்த வரிசை ஒரே சீராகப் போகாது. நடுவே கதவுகள் குறுக்கிடும். சில இடங்களில் ஜன்னல் இருக்க வேண்டிய இடம் அடைத்திருக்கும். அங்கெல்லாம் வளைவை நிறுத்தினார்களா, தொடர்ந்தார்களா? கதவின் சிறு ஜன்னலுக்கும் வளைவு உண்டா? இதையெல்லாம் ஊகத்தில் போட முடியாது. ஒவ்வொரு கதவுக்கும் நெருக்கமான புகைப்படம் வேண்டும். மூக்குப் பகுதியில் இன்னொரு தொல்லை. அங்கே உடல் குறுகி வளைவதால், தட்டைப் படத்தில் நேராக இழுத்த கோடு விமானத்தில் ஏற்றியதும் மேலேயோ கீழேயோ சரியும். கைதேர்ந்தவர்கள் முதலில் வெறும் கட்டங்களை வரைந்து விமானத்தில் ஏற்றிப் பார்ப்பார்கள். எந்தக் கட்டம் எவ்வளவு கோணுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் கோட்டை வளைப்பார்கள். திரையில் கோணலாக இருப்பது விமானத்தில் நேராக வரும்.

மாடலையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரம்பகால 747-களின் மாடியில் பக்கத்துக்கு மூன்றே ஜன்னல்கள். பிற்பாடுதான் பத்து வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்போடு வருவது 747-8. அதன் மாடி நீளம், உடலும் நீளம், இன்ஜின்களும் வேறு. 1971-ன் அசோகாவை அதில் வரைந்தால், வர்ணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விமானம் அசோகா ஆகாது. எக்ஸ்-பிளேனில் 747-200 தனியாகக் கிடைப்பதால், பழைய ஜம்போமீது ஆசை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள்.

எந்தச் சிவப்பு?

வடிவத்தை ஒருவழியாகப் பிடித்துவிடலாம். நிறம்தான் ஆளைச் சோதிக்கும். ஐம்பது வருடப் புகைப்படம் நிறத்தைப் பற்றிச் சொல்லும் சாட்சியை அப்படியே நம்ப முடியாது. இருட்டில் பத்திரமாக வைத்த கோடாக்ரோம் ஸ்லைடுகள் நிறத்தை நன்றாகத் தக்கவைப்பவை. அந்தக் காலத்து எக்டாக்ரோம் ஸ்லைடுகளும் வண்ண அச்சுகளும் நாளாக ஆகச் செம்மை ஏறிவிடும். மாலை வெயிலில் எடுத்த படத்தில் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். மழை நாளில் அதே சிவப்பு மெரூனாகும். அட்டவணைப் புத்தகங்களிலும் விளம்பரங்களிலும் இருப்பது அச்சு மையின் சிவப்பு. விமானத்தின் சிவப்பு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. படத்தில் நமக்கு நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேட வேண்டும். விமானத்தின் மேல்பாதி வெள்ளை, கீழே சிமென்ட் தளம், தூரத்து மேகம். அந்த வெள்ளை வெள்ளையாகும் வரை படத்தின் நிறச்சமனைச் சரிசெய்தால், சிவப்பும் தன் இடத்துக்கு நகர்ந்து வரும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் எடுத்த படங்களில் இதைச் செய்து, வரும் சிவப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றையொன்று நெருங்கினால் நம்பலாம். விலகி நின்றால், அந்தப் படங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் விமானத்துக்கு மறுவர்ணம் அடித்திருக்கலாம், அல்லது வெயிலில் சாயம் வெளுத்திருக்கலாம். எனவே எந்த ஆண்டின் அசோகாவை வரைகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

நிறம் கிடைத்த பிறகும் வேலை முடியாது. இன்றைய சிமுலேட்டர்கள் ஒரு பரப்பின் நிறத்தோடு, அது வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்பதையும் கணக்கிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு இன்னொன்று, நிழல், சொரசொரப்பு, உலோகத்தன்மை ஆகிய மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் அடக்கிய மூன்றாவது படம் ஒன்று. பழைய வர்ணம் பூசுவோருக்கு இந்த மூன்றாவது படம் ஒரு வரப்பிரசாதம். அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் விமானத்தின் அடிப்பகுதிக்கு வர்ணம் அடிக்காமல் அலுமினியத்தைப் பளபளவென்று தேய்த்தே விட்டன. சாம்பல் நிறத்தை அள்ளிப் பூசினால் அது பெயின்ட் அடித்த தகரமாகத்தான் தெரியும். உலோகத்தன்மையை ஏற்றி, சொரசொரப்பை இறக்கி, தகட்டுக்குத் தகடு பளபளப்பைக் கொஞ்சம் மாற்றிவிட்டால், ஓடுபாதையின் வெள்ளைக் கோடு விமானத்தின் வயிற்றில் பிரதிபலிக்கத் தொடங்கும்.

கடைசியில், படங்களை டிடிஎஸ் வடிவத்துக்கு மாற்றி, ‘கம்யூனிட்டி’ என்ற ஃபோல்டரில் வைக்க வேண்டும். உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலும் சரியாக இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால், சிமுலேட்டர் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பழைய வர்ணம், புதிய விமானம்

சிலருக்குப் பழைய வர்ணத்தை இன்றைய விமானத்தில் பார்க்க ஆசை. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். விமான நிறுவனங்களே அதைச் செய்கின்றன. 2015-ல் லுஃப்தான்சா தன் 747-8 ஒன்றுக்கு 1970-களின் வர்ணத்தைப் பூசியது. 2019-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நூற்றாண்டை ஒட்டி, ஒரு 747-400-க்கு பிஓஏசி நிறுவனத்தின் வர்ணத்தை அடித்தது. பிஓஏசி 1974-லேயே பிரிட்டிஷ் ஏர்வேஸில் இணைந்துவிட்டது. 747-400 சேவைக்கு வந்ததோ 1989-ல். பிஓஏசி ஒருநாளும் ஓட்டாத விமானம் அது. ஆனாலும் அதைப் பார்க்க ஹீத்ரூவில் மக்கள் திரண்டார்கள்.

ஏர் இந்தியாவில் இந்த ஆசைக்குச் சிறப்பான காரணமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் நிறுவனம் மீண்டும் டாடா குழுமத்திடம் வந்தது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய இலச்சினையான ‘தி விஸ்டா’ பழைய ஜன்னல் வளைவின் உச்சியிலிருந்து பிறந்தது என்று நிறுவனமே சொன்னது. ஜரோகா இலச்சினையாகத் திரும்பிவிட்டது, ஜன்னல்களுக்குத் திரும்பவில்லை. ஏ350-ன் ஜன்னல்களைச் சுற்றி அந்தச் சிவப்பு வளைவு எப்படி இருக்கும் என்று பார்க்க சிமுலேட்டர் ஒன்றே வழி. கூடவே ‘இது கற்பனை’ என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். இன்று ஒருவர் ஆசைக்கு வரைந்தது நாளை இன்னொருவருக்கு ஆதாரமாகிவிடும். அதனால் நிஜ வர்ணமாக இருந்தாலும், எந்தப் பதிவெண், எந்த ஆண்டு, எந்த இடத்தில் ஆதாரம் கிடைக்காமல் ஊகித்தேன் என்று ஒரு குறிப்பு சேர்ப்பதை நான் கட்டாயம் என்பேன்.

பெயர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. ‘எம்பரர் அசோகா’ 1978 புத்தாண்டு நாளில், பாந்த்ரா கடலோரத்துக்கு அப்பால் விழுந்து 213 பேர் இறந்தார்கள். 1985 ஜூன் 23-ல் ‘எம்பரர் கனிஷ்கா’ நடுவானில் குண்டு வெடித்து அட்லாண்டிக்கில் விழுந்தது. 329 பேர் பலியானார்கள். இந்த இரண்டையும் வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வரையத்தான் வேண்டும். அவை பறந்த நாட்களில் எவ்வளவு அழகாக இருந்தன என்பதும் வரலாறுதான். ஆனால் அந்தக் கடைசிப் பயணங்களை விளையாட்டாக ஓட்டிப் பார்ப்பது, இன்றும் ஆண்டுதோறும் மலர் வைக்கும் குடும்பங்களைக் காயப்படுத்தும். இந்த எல்லையை ஒவ்வொருவரும் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியில்

அசோகாவுக்குப் படங்கள் ஏராளம். முதல் ஜம்போ என்பதால் எல்லோரும் எடுத்தார்கள். மற்றவற்றை வரைய உட்காரும்போதுதான் தட்டுப்பாடு தெரியும். ராஜேந்திர சோழனின் மூக்கருகே பெயர் எந்த அளவில் இருந்தது? மகேந்திரவர்மனின் கதவோரத்தில் வளைவு எங்கே முடிந்தது? 1990-களில் வந்த 747-400-களில் ஒன்றுக்குத் தஞ்சாவூரின் பெயர். அதை இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்தவர்கள் யார்?

விடை பெரும்பாலும் பழைய ஊழியர்களின் வீடுகளில் இருக்கும். விமானத்தோடு நின்று எடுத்துக்கொண்ட படம், வெளிநாட்டுப் பயணத்தில் எடுத்த ஸ்லைடு, பயிற்சி முடிந்தபோது எடுத்த குழுப் படம். அதில் இருக்கும் மனிதர்களுக்காகத்தான் குடும்பம் அதைப் பாதுகாத்துவருகிறது. பின்னணியில் இருக்கும் ஜன்னல் வளைவு எவ்வளவு அரிய ஆதாரம் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்காது.

அப்படி ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நல்ல ஸ்கேனரில் ஏற்றுங்கள். மங்கியிருக்கிறதே என்று செயலியை விட்டு நிறத்தை ஏற்றிவிடாதீர்கள். அசல் ஸ்கேனை அப்படியே தனியாக வையுங்கள். ஆண்டு, ஊர், யார் எடுத்தது என்பதைத் தெரிந்தவரை எழுதுங்கள். பெரியவர்கள் உடன் இருக்கும்போதே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. விமானத்தை யாரும் வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது. அது எப்படி இருந்தது என்பதற்கான சான்றைக் காப்பாற்ற முடியும். வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. இனி வேண்டியவை படங்கள்தான். இந்த வாரமே அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.