நாஞ்சில் நாட்டுக் குளங்களில் வரால்: வாழ்க்கைச் சுழற்சியும் மதிப்பும்

வட்டக்கோட்டையின் மதிலை ஒருபுறம் கடல் அறைகிறது. மறுபுறம் உள்நாடு நோக்கிச் சென்றால் நாஞ்சில் நாட்டு நெல்வயல்களும் அவற்றுக்கு நீரூட்டும் குளங்களும் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. அங்கு வரும் பறவைகள் பேசப்படும் அளவிற்கு இப்பகுதிக் குளத்து மீன்கள் பேசப்படுவதில்லை. அம்மீன்களுள் ஒன்று வரால்.

சங்கப் பாடல்களில் 'வராஅல்' என அளபெடுத்து வரும் இம்மீன், இன்று தமிழகத்தின் பிற பகுதிகளில் 'விரால்' எனப்படுகிறது. 1793இல் பிளாக் என்பவரால் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்ட இதன் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா.

செவுள்களுக்கு மேலுள்ள துணை உறுப்பால் வரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. ஆகவே நீர் வற்றினாலும் ஈரச்சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை உயிர் தாங்கும். குமரி மாவட்டத்திற்கு இருபருவ மழையும் கிடைப்பது இம்மீனுக்கு வாய்ப்பாக அமைகிறது.

இனப்பெருக்கக் காலத்தில் இணை மீன்கள் கரையோரப் பாசியை விலக்கி வட்டமாக இடம் அமைக்கின்றன. எண்ணெய்த்துளி கொண்ட முட்டைகள் நீர்மேல் மிதந்து ஓரிரு நாளில் பொரிகின்றன. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். பெற்றோர், சிறப்பாக ஆண்மீன், கீழே நின்று காவல் புரியும். குஞ்சுகள் மேலெழும்போது நீர்ப்பரப்பு தூறல் விழுந்தாற்போல் சலசலக்கிறது. இச்சலசலப்பே மீன்பிடிப்போருக்குக் காவல் மீனின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குஞ்சுகளருகே வரும் எதையும் தாக்கும் காவல் மீன் தூண்டிலில் எளிதில் சிக்குகிறது. பின்னர் காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன. ஒரு மீனைப் பிடிப்பதாகத் தோன்றும் செயல் ஒரு தலைமுறையையே அழிக்கிறது.

முள் குறைவு, உயிருடன் நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம். இவ்விரு காரணங்களால் சந்தையில் கெண்டையினும் கூடுதல் விலை பெறுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் உண்ணத்தக்க உணவாக மலேசியாவில் இது போற்றப்படுகிறது. காயம் ஆற்றும் பண்பு குறித்த ஆய்வுகளும் அங்கு நிகழ்ந்துள்ளன. எனினும் கட்லா, ரோகு வளர்க்கும் குளத்தில் இதே மீன் குஞ்சுகளைத் தின்னும் பகையாகக் கருதப்பட்டு, இருப்புச் செய்வதற்கு முன்பே அகற்றப்படுகிறது. விலைமிக்க மீன் களையாகிவிடும் முரண் இது.

பன்னாட்டுச் செம்பட்டியல் இவ்வினத்தை அழிவு அச்சம் குறைந்ததாகவே வகைப்படுத்துகிறது. ஆனால் அம்மதிப்பீடு இனம் முழுமைக்குமானது. தனியொரு குளத்தில் வரால் அற்றுப்போவது அதில் பதிவாவதில்லை. குஞ்சுகளோடு திரியும் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குக் காவல் மீனைப் பிடிக்கலாகாது எனக் குளக் குத்தகை விதிகளில் சேர்ப்பது செலவில்லாத ஏற்பாடு.