கருவிகள் பேசும் மொழி

ஆற்றங்கரையில் நாட்டப்பெற்ற அளவுகோலை நாள்தோறும் ஒருவர் சென்று பார்த்து, நீர்மட்டத்தை ஏட்டில் எழுதிவைப்பது நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கமாகும். வெள்ளமோ விடுமுறை நாள் பார்த்து வருவதில்லை, நள்ளிரவென்று தயங்குவதுமில்லை. ஆதலால், ஓய்வின்றி அளந்து, அளந்ததை நேரத்தோடு குறித்துவைக்கும் கருவி ஒன்று வேண்டியதாயிற்று. அதுவே தரவுப் பதிகருவி. டேற்றா லொகர் என்றும் வழங்குவர். சிறு பெட்டியொன்றினுள் அடங்கும் இக்கருவி, நீர்மட்டம், மழை, வெப்பம், காற்று முதலியவற்றை அறியும் உணரிகளிடமிருந்து மின்குறிகளைப் பெற்று, அவற்றை எண்களாக மாற்றித் தன் நினைவகத்திற் சேமிக்கின்றது. மின்கலமும் சூரிய ஒளித் தகடும் துணையிருந்தால், ஆளரவம் இல்லாத இடத்திலும் அது மாதக்கணக்காகத் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆயினும், குறித்துவைத்தல் மட்டும் போதுமானதன்று. நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறப்பதா மூடுவதா என முடிவு செய்யும் கட்டுப்பாட்டு அறைக்கு, நீர்மட்டம் இப்பொழுது எவ்வளவு என்பது தெரியவேண்டும். பதிகருவியைச் செய்தவர் ஒரு நாட்டவராகவும், கட்டுப்பாட்டு இயந்திரத்தைச் செய்தவர் வேறொரு நாட்டவராகவும் இருத்தல் கூடும். இவ்விரண்டும் உரையாட வேண்டுமாயின் இரண்டுக்கும் பொதுவான மொழியொன்று வேண்டும். அவ்வாறான மொழிகளைத் தொடர்பு நெறிமுறைகள் என்பர். அவற்றுட் பெருவழக்குப் பெற்ற ஒன்று மொட்பஸ் என்பதாகும்.

1968 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், டிக் மோர்லி என்னும் பொறியியலாளரும் அவர்தம் கூட்டாளிகளும், தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் நிரல்வழிக் கட்டுப்படுத்தி ஒன்றை வகுத்தனர். மொடிக்கொன் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனம், தன் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1979 இல் மொட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. அதன் விதிகள் எளியவை. எவரும் படித்துக் கையாளக்கூடியவை. ஆகையால் தொழிற்சாலைகளுக்கு அப்பாலும், நீர்வழங்கல், மின்னுற்பத்தி, வானிலை நோக்கு ஆகிய துறைகளிலும் அது பரவிற்று.

இந்நெறிமுறை நடைபெறும் விதத்தை ஒரு வகுப்பறையைக் கொண்டு விளக்கலாம். ஆசிரியர் வரவு இடாப்பைத் திறந்து ஓர் எண்ணைக் கூப்பிடுகிறார். அந்த எண்ணுக்குரிய மாணவன் மட்டுமே விடையிறுக்கிறான். ஏனையோர் வாய் திறப்பதில்லை. கம்பிவழிச் செல்லும் மொட்பஸிலும் அவ்வாறே. வினவுவது ஒரு கருவி. விடை கூறுவன பல. விடை கூறும் ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247 வரையுள்ள எண்களுள் ஒன்று முகவரியாக வழங்கப்படும். இரு கருவிகளுக்கு ஒரே எண் இடப்பட்டால், இரண்டும் ஒருங்கே குரலெழுப்ப, எதுவும் விளங்காமற் போகும்.

பதிகருவியை அமைக்க முற்படுபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது, அது ஆசிரியரா மாணவனா என்பதே. உணரிகளிடமிருந்து மொட்பஸ் வழியே அளவுகளைத் திரட்ட வேண்டுமாயின், பதிகருவி வினவும் நிலையில் இருக்கவேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு அவற்றை வழங்க வேண்டுமாயின், விடை கூறும் நிலையில் இருக்கவேண்டும். இருவேறு இணைப்பு வாயில்கள் கொண்ட பதிகருவி, ஒன்றில் வினவி மற்றொன்றில் விடையளிக்கவும் வல்லது.

அடுத்தது கம்பி. ஆர்.எஸ். 485 என்னும் முறையில், முறுக்கிய இணைக்கம்பிகள் வழியே ஏறத்தாழ 1200 மீற்றர் தூரம் வரை செய்தி அனுப்பலாம். பொதுவாக 32 கருவிகள் வரை ஒரே தொடரில் இணைக்கலாம். நீண்ட தொடரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகளைப் பொருத்துவது வழக்கம். இன்றேல், முனையில் மோதித் திரும்பும் மின்குறி அடுத்து வருவதைக் குழப்பும். வினாடிக்கு 9600 அல்லது 19200 இரும இலக்கங்கள் என்றவாறு வேகம் ஒன்று தெரிவு செய்யப்பட்டு, எல்லாக் கருவிகளிலும் ஒரேவிதமாக இடப்படவேண்டும். பரிற்றி எனப்படும் சோதனை இலக்கமும் அவ்வாறே ஒத்திருத்தல் வேண்டும்.

வினாவில் நான்கு பகுதிகள் உள. எவரை நோக்கியது என்பது முதலாவது. என்ன செய்யவேண்டும் என்பது இரண்டாவது. எந்தப் பதிவகத்திலிருந்து எத்தனை எண்கள் வேண்டும் என்பது மூன்றாவது. வழியில் செய்தி சிதைந்ததா எனக் கண்டறிய உதவும் சோதனை எண் நான்காவது. சோதனை எண் பொருந்தாவிடின், கேட்ட கருவி அச்செய்தியைப் புறக்கணித்துவிடும். இல்லாத பதிவகத்தைக் கேட்டால், அவ்வாறானது இல்லை என்னும் மறுப்புவிடை வரும். இத்தகைய தவறுகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. திரையில் எண் தோன்றாதபோது, எங்கோ பிழை உண்டெனப் பணியாளர் உணர்ந்து தேடத் தொடங்குவார்.

தம்மைக் காட்டிக்கொடுக்காத தவறுகளே அஞ்சத்தக்கவை. மொட்பஸ் செய்தி எண்ணை மட்டுமே சுமந்து செல்கின்றது. அவ்வெண் நீர்மட்டமா வெப்பமா, மீற்றரா அடியா, எப்பொழுது அளக்கப்பட்டது என்பன அதில் இல்லை. அப்பொருளெல்லாம் பதிவக அட்டவணை என்னும் தாளில் உள்ளது. இரு புறத்தாரும் அத்தாளை ஒரேவிதமாகப் படித்தாலன்றி, செய்தி பிழையின்றிச் சேர்ந்தும் பொருள் பிழைபட்டுவிடும்.

சில உதாரணங்களை நோக்கலாம். அட்டவணையில் 40001 எனக் குறிக்கப்படும் பதிவகம், கம்பியிற் செல்லும் செய்தியில் 0 என்றே குறிக்கப்படும். ஒருவர் 1 இலிருந்தும் மற்றவர் 0 இலிருந்தும் எண்ணினால், கேட்டதற்கு அடுத்துள்ள பதிவகம் விடையாக வரும். நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள பதிவகத்தில் மின்கலத்தின் அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். 12.6 வோல்ற் என்பது 126 என எழுதப்பட்டிருக்கும். திரையிலோ நீர்மட்டம் 126 சென்ரிமீற்றர் எனத் தோன்றும். ஐயுறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆறு பெருக்கெடுத்தாலும் அவ்வெண் அசையாது.

ஒரு பதிவகம் 16 இரும இலக்கங்களைக் கொண்டது. 0 முதல் 65535 வரையுள்ள முழு எண்களே அதில் அடங்கும். பனி உறையும் மலைநாடொன்றில் வெப்பநிலை சுழியத்துக்கு அரைப்பாகை கீழே இறங்கினால், பத்தாற் பெருக்கி −5 என எழுதுவர். குறியற்ற எண்ணாகப் படிப்பவருக்கு அது 65531 ஆகத் தோன்றும். இது நகைப்புக்கிடமான எண்ணாகையால் உடனே பிடிபடும். அது நற்பேறே.

பின்ன எண்களை எழுதுவதற்கு இரண்டு பதிவகங்கள் வேண்டும். 12.5 என்னும் அளவு, பெருவழக்கான முறையில் 16712, 0 என்னும் இரு பகுதிகளாகப் பிரியும். எப்பகுதி முன்னே வரவேண்டும் என்பதிற் கருவி செய்வோரிடையே ஒருமைப்பாடு இல்லை. முன்பின்னாகப் படித்தால் கிடைப்பது, திரையில் 0 என்றே தோன்றுமளவு நுண்ணிய எண்ணாகும். பன்னிரண்டரை மீற்றர் நீர் நிற்குமிடம் வறண்டுவிட்டதாகக் காட்டப்படும்.

இவையன்றிப் பழைய எண்ணால் வரும் தீங்கும் உண்டு. உணரி செயலிழந்த பின்னரும், அது இறுதியாகத் தந்த அளவு பதிவகத்தில் அப்படியே இருத்தல் கூடும். வினவுபவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் நேற்றைய நீர்மட்டத்தை இன்றையதெனப் பெறுவார்.

பொய்யான எண்ணை இயந்திரம் நம்பினால் விளைவதென்ன என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள டோம் சோக் மின்நிலையத்தில் நேர்ந்த விபத்து காட்டிற்று. அங்கே மலையுச்சியில் அமைந்த நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, வேண்டும்போது கீழே இறக்கி மின்சாரம் உண்டாக்கினர். நீர்மட்டம் அளக்கும் உணரிகள் தம் பிணைப்பிலிருந்து கழன்றதால், உண்மையிலும் குறைவான மட்டத்தையே காட்டின. குறைபாடு முன்னரே தெரிந்திருந்தும், செப்பனிடுதல் பிற்போடப்பட்டது. மேலதிகக் காவலாக வைத்திருந்த உணரிகளோ, அணைச் சுவரின் தாழ்ந்த பகுதியிலும் உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தன. 2005 டிசம்பர் 14 ஆம் திகதி விடியற்காலையில், நிறைந்த தேக்கத்துக்குள் மேலும் நீர் ஏற்றப்பட்டு, அது வழிந்தோடி, அணை உடைந்தது. ஏறத்தாழ நூறு கோடி கலன் நீர் மலைச்சரிவிற் பாய்ந்து, அடிவாரப் பூங்காவின் மேற்பார்வையாளரையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வீட்டோடு அடித்துச்சென்றது. ஐவரும் உயிர்தப்பினர். இவ்விபத்தில் எண்ணைச் சுமந்த கம்பி குற்றம் செய்யவில்லை, எண்ணே பொய்யாயிருந்தது.

ஆகவே, திரையில் எண் தோன்றியவுடன் வேலை முடிந்ததென எண்ணலாகாது. உணரியை அரை மீற்றர் ஆழ நீரில் வைத்துக் கட்டுப்பாட்டு அறையிலும் அரை மீற்றர் தோன்றுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஒரு மீற்றருக்கு இறக்கி மீண்டும் பார்த்தல் வேண்டும். உணரியின் கம்பியைக் கழற்றிவிட்டால் எச்சரிக்கை எழுகின்றதா, பழைய எண் நிற்கின்றதா என்பதையும் சோதித்தல் வேண்டும். நிமிடந்தோறும் ஒன்றாகக் கூடும் எண்ணை ஒரு பதிவகத்தில் வைத்தால், அது கூடாது நிற்கும்போது பதிகருவி உறங்கிவிட்டதென அறியலாம். கேட்பவர் யாரென விசாரிக்கும் வழி இந்நெறிமுறையின் மூல வடிவில் இல்லையாதலால், வெளியார் வாசிக்கவே இடமளித்து, எழுதுவதற்கு இடமளியாதிருத்தலும் நன்று.

இறுதியாக, பதிவக அட்டவணையில் ஒவ்வோர் எண்ணின் பெயரும் அலகும் பெருக்கமும் தெளிவாக எழுதப்பட்டு, பதிகருவியின் பெட்டியில் ஒரு பிரதியும் கட்டுப்பாட்டு அறையில் மற்றொரு பிரதியும் வைக்கப்படுதல் வேண்டும். கரையிலுள்ள பழைய அளவுகோலையும் அகற்றிவிடலாகாது. திங்களுக்கொரு முறை ஒருவர் அதனைக் கண்ணாற் பார்த்து, திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவாராயின், ஆற்றோரத்தில் உறங்குவோர் அந்த எண்ணை நம்பி உறங்கலாம்.