எந்த ஊர் லக்சா?

மலேசியாவில் லக்சா என்னும் நூடுல்ஸ் உணவு வேண்டுமென்றால், எந்த ஊர் லக்சா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பினாங்கில் அது நல்ல புளிப்பு. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளிக்கரைசலில் கொதிக்கவிடுவார்கள். அந்தச் சாற்றைத் தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, மெல்லிசாக அரிந்த வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா தூவி, கூடவே ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. மணத்துக்கு இஞ்சிப்பூ, அது சேராவிட்டால் எனக்கு அது பினாங்கு லக்சாவே இல்லை!

கிளந்தானில் அரிசி மாவை ஆவியில் தகடாக வேகவைத்து, சுருட்டி வெட்டி, வெள்ளை வெளேரென்ற தேங்காய்ப்பால் மீன் குழம்பை ஊற்றுவார்கள். பெயர் லக்சம். சரவாக்கில் சேமியா, இறால், கோழி.

ஜொகூரிலோ அரிசி நூடுல்ஸுக்குப் பதில் ஸ்பகெட்டி. அதையும் கையால் பிசைந்து சாப்பிடுவதுதான் அங்கே பழைய வழக்கம்.