வீட்டுச் சவுக்காரமும் இயற்கைச் சாயங்களும்

சவுக்காரம் செய்தல் கிராமத்துக்கு ஏற்ற கைத்தொழில்களுள் ஒன்று என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் விஷயம். தேங்காயும் கடலையும் ஆமணக்கும் விளைகிற ஊரார், எண்ணெயை விற்றுவிட்டு, அதே எண்ணெயாலாகிய சோப்பைப் பட்டணத்திலிருந்து வாங்குவது சிக்கனமாகாது. கூட்டுறவுக்கும் சவுக்காரத்துக்கும் நம் பக்கத்தில் ஒரு பழைய உறவும் உண்டு. விவசாய பாங்குகளைப் பற்றி 1895, 1897ஆம் வருஷங்களில் அறிக்கை எழுதி, 1904ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகோலிய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் அவர்களே, பின்னர் சென்னை மாகாண மீன் இலாகாவை நடத்தியபோது, 1914இல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சவுக்காரத் தொழிற்சாலை தோன்றக் காரணமாயிருந்தார்.

ஆயினும் இத்தொழிலை ஆர்வத்துடன் தொடங்கிச் சில மாதங்களில் கைவிட்டவர்கள் உண்டு. நாம் நேரில் கண்ட ஒரு சங்கத்தின் கதை இது. அங்கத்தினர்களாகிய பெண்கள் பீட்ரூட் சாற்றைச் சேர்த்து ரோஜா நிறச் சவுக்காரம் செய்ய விரும்பினார்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்த கட்டிகளோ பழைய வெல்லத்தின் நிறமாயிருந்தன. நன்றாக நுரைத்தும் வாங்குவாரில்லை. காரம் போதாமையால்தான் நிறம் கெட்டது என்று யாரோ சொல்லவே, அடுத்த தடவை காஸ்டிக் சோடாவைத் தம்ளரால் அளந்து தாராளமாகச் சேர்த்தார்கள். அதைத் தேய்த்துக் குளித்த குழந்தைகளின் தோல் சிவந்து எரிந்தது. முதல் தவறால் பங்குத் தொகையில் ஒரு பகுதி போயிற்று. இரண்டாவதன் பின் அச்சங்கத்துச் சரக்கை ஊரில் எவரும் தொடவில்லை. காரம் எண்ணெயை என்ன செய்கிறது, சாயத்தை என்ன செய்கிறது என்னும் இரண்டையும் அறிந்திருந்தால் இவ்விரு நஷ்டங்களும் நேர்ந்திரா.

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் பிணைந்த பொருள். காஸ்டிக் சோடா கரைந்த நீர் அதனுடன் கலக்கும்போது அப்பிணைப்பு அறுபட்டு, அமிலம் சோடாவுடன் கூடிச் சவுக்காரமாகிறது, கிளிசரின் விடுபடுகிறது. பெரிய ஆலைகளில் உப்பிட்டுக் கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்பதுண்டு. நாம் செய்யும் குளிர்முறையில் அது கட்டிக்குள்ளேயே தங்குகிறது, தோலுக்கு நல்லது.

ஒவ்வொரு எண்ணெயும் தனக்கென்று ஓர் அளவு காரத்தையே ஏற்கும். 1 கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலையெண்ணெய்க்கு 136, நல்லெண்ணெய்க்கு 134, ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராம் போதும். ஆகவே ஒருவர் சொன்ன அளவை எண்ணெய் மாற்றியபின் அப்படியே பின்பற்றலாகாது. கணக்கிட்ட காரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துவிடுவது வழக்கம். அதனால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று, எரிச்சலுக்கு இடமில்லாமற் செய்கிறது.

தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் என்ற சேர்க்கை வீட்டு உபயோகத்துக்கு நன்கு பயன்படும். தேங்காயெண்ணெய் கடினத்தையும் நுரையையும் தருகிறது. அது மட்டுமே ஆனால் தோலை வறளச் செய்யும். கடலையெண்ணெய் மென்மைக்கும், ஆமணக்கெண்ணெய் நுரை நிலைத்து நிற்பதற்கும் ஆகும். இம்மூன்றுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் காரம் 158 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஐந்து பங்கு கழித்து 150 கிராம் எடுத்துக்கொள்க. ஜலம் 320 கிராம். எல்லாவற்றையும், ஜலத்தையுங்கூட, எடை போட்டே எடுக்கவேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு வாங்காமல் இத்தொழிலைத் தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பதே மேல்.

காஸ்டிக் சோடாவை ஜலத்தில் சிறிது சிறிதாகத் தூவிக் கரைக்கவேண்டும். சோடாவின்மேல் ஜலத்தை ஊற்றினால் அது கொதித்துச் சிதறும். கரைக்கும்போதே கைபொறாத சூடும் நெஞ்சைக் கமறச் செய்யும் ஆவியும் எழுமாதலால், காற்றோட்டமான இடத்தில், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்தல் அவசியம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். எவர்சில்வர் பாத்திரமே தகுந்தது. தோலில் பட்டால் உடனே ஏராளமான ஜலத்தால் கழுவுக. கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கார நீரைக் குடிநீர்ச் சொம்பிலோ தம்ளரிலோ ஒரு நிமிஷமேனும் வைத்தலாகாது. குழந்தைகள் அதைத் தண்ணீரென்று எண்ணிவிடக்கூடும்.

கார நீரும் எண்ணெயும் கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்தபின், எண்ணெயில் கார நீரை மெல்ல ஊற்றி விடாமல் கிண்டவேண்டும். கரண்டியிலிருந்து வடியும் கூழ் மேற்பரப்பில் கோடாகச் சிறிது நேரம் நின்றால் அதுவே பதம். சாயமும் வாசனையும் சேர்க்கும் தருணமும் இதுதான். பின்பு காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிச் சாக்கால் மூடி, ஒரு நாள் கழித்துத் துண்டுபோட்டு, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் வரை உலர்த்தவேண்டும். ஆறினால் ஏறக்குறைய 12 கட்டிகள், ஒவ்வொன்றும் 100 கிராம் அளவில் கிடைக்கும்.

இனிச் சாயத்தைப் பற்றிக் கூறுவோம். உணவுக்கு நிறந்தரும் பொருளெல்லாம் சவுக்காரத்துக்கும் நிறந்தரும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உணவில் பெரும்பாலும் புளிப்பு இருக்கிறது. சவுக்காரத்திலோ காரம் இருக்கிறது. இவ்வேற்றுமையை நம் வீடுகளில் யாவரும் கண்டிருக்கிறோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீருடன் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது இரத்தச் சிவப்பாகிறதன்றோ? மஞ்சள் சேர்த்த சவுக்காரமும் அவ்வாறே கூழாயிருக்கையில் செங்கல் நிறமாகிப் பயமுறுத்தும். உலர உலர ஆரஞ்சு கலந்த மஞ்சளாகத் திரும்பும். 1 கிலோ எண்ணெய்க்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மிகுந்தால் துணியில் கறை பிடிக்கும். வெயில் பட்டால் இந்நிறம் வெளுத்துவிடும். கட்டியின்மேல் மஞ்சள் தடவிச் சிவந்தால் காரம் மிகுதி என்று சிலர் சொல்லுவர்; குற்றமற்ற சவுக்காரமும் இயல்பாகவே காரத்தன்மை உடையதாகையால் இச்சோதனை பயனற்றது.

பீட்ரூட்டின் செந்நிறம் காரத்தில் சிதைந்து பழுப்பாகும். செம்பருத்தி, சங்குப்பூ முதலிய மலர்களின் சாயமும் அப்படியே: நீலமாய், பச்சையாய் மாறி, முடிவில் மங்கிப்போகும். இலைகளின் பச்சையும் நெடுநாள் நில்லாது. வேப்பிலைப் பொடியோ மருதாணிப் பொடியோ சேர்த்தால் முதல் மாதம் பச்சையாயிருந்து, பிறகு காய்ந்த இலையின் நிறத்தை அடையும். அதுவும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வாங்குவோரிடம் முன்பே சொல்லிவிட்டால் குறையில்லை.

காரத்துக்கு அஞ்சாத பொருள்களும் நம்மிடம் உண்டு. காவிக்கல்லின் நிறம் இரும்பின் துருவாலாகியது; காரமும் வெயிலும் அதை அசைப்பதில்லை. ஆனால் சுவருக்குப் பூசும் காவியில் வேறு உலோகங்கள் கலந்திருக்கக்கூடுமாதலால், உடம்பில் படும் பொருளுக்கென்று சுத்திசெய்து விற்பதையே வாங்கவேண்டும். கொட்டாங்கச்சிக் கரியை வஸ்திரகாயம் செய்து ஒரு தேக்கரண்டி சேர்த்தால் சாம்பல் நிறம் முதல் கறுப்பு வரை கிடைக்கும். அவுரியிலிருந்து எடுத்த நீலம் சிட்டிகையளவே போதும். மேகத்தின் சாயல் தரும். ஜாப்ரா விதையை எண்ணெயில் மெல்லிய சூட்டில் ஊறவைத்து வடித்தால், அவ்வெண்ணெய் சவுக்காரத்துக்கு மாம்பழ நிறம் கொடுக்கும். மஞ்சிட்டி வேர்ப் பொடியால் ரோஜா நிறம் உண்டாகும். பீட்ரூட்டில் தேடிய நிறத்தை அந்தச் சங்கத்தார் இதில் பெற்றிருக்கலாம்.

எந்தப் பொருளையும் முழு எண்ணெயில் சேர்க்குமுன் ஒரு சிறு சோதனை செய்க. சலவைச் சோடாவை ஜலத்தில் கரைத்து, அதில் அப்பொடியைச் சிறிது போட்டு ஓரிரவு வைத்துப் பாருங்கள். அங்கே நிறம் கெடுமாயின் சவுக்காரத்திலும் கெடும். அதில் தேறியதை 100 கிராம் எண்ணெயில் செய்து, ஆறிய கட்டியில் பாதியைக் காகிதத்தால் மூடி ஒரு வாரம் வெயிலில் வைத்தால், வெளுக்குமா என்பதும் விளங்கிவிடும்.

மற்றச் சேர்க்கைகளுள் பாலும் தேனும் சர்க்கரை உடையவை. காரத்தால் சூடேறிப் பழுப்பாகிப் பொங்கும். பாலைக் குளிரவைத்துச் சேர்ப்பவர்கள் உண்டெனினும், தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். எலுமிச்சஞ் சாறு காரத்தின் ஒரு பகுதியைக் கொன்றுவிடுமாகையால் கணக்கே பிசகும். கடலைமாவு, சீயக்காய்த் தூள், வெட்டிவேர்ப் பொடி ஆகியவற்றை நன்றாகச் சலித்து 1 கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி வரை கலக்கலாம். கரகரப்பு மிகுந்தால் தோலைக் கீறும். பூவிதழ்களை மேலே பதிப்பது அழகென்று தோன்றும், ஒரு வாரத்தில் அவை கருகி எலிப்புழுக்கைபோல் காட்சியளிக்கும்.

வேப்பிலையோ மஞ்சளோ சேர்த்ததனால் சவுக்காரம் மருந்தாகிவிடாது. சொறி, படை முதலியன தீரும் என்று எழுதி விற்பது பொய்யாகும், சட்டப்படியும் குற்றம்.

விற்பனைக்குச் செய்ய எண்ணும் சங்கத்தார், 2020ஆம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதிகளின்படி முதலில் லைசென்ஸ் பெறவேண்டும். வீட்டு உபயோகத்தில் கைப்பழகி, ஆறு மாதமேனும் ஒரே தரத்தில் செய்ய முடிந்த பின்னரே விண்ணப்பம் அனுப்புவது உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். அதுவரை ஒவ்வொரு தடவையும் எண்ணெய், காரம், ஜலம், சாயம் ஆகியவற்றின் எடையையும், காய்ச்சிய தேதியையும், செய்தவர் பெயரையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வரவேண்டும். அந்தந்தத் தடவையின் ஒரு கட்டியைத் தேதி குறித்துச் சங்கத்தின் அலமாரியில் வைத்திருந்தால், நிறம் எப்போது மாறிற்று என்பதை அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் எல்லோரும் தாமே பார்த்துக்கொள்ளலாம்.