இரு கைத் தூண்டில்

வடமதுரையைச் சுற்றியுள்ள குளங்களிலும் கண்மாய்களிலும் மழை ஓய்ந்து நீர் தெளிகிற நாட்களில், மூங்கில் கழியில் தங்கூசியைக் கட்டி, மண்புழுவை முள்ளில் கோத்து, தக்கை அமிழும் அந்த ஒரு கணத்துக்காகக் கரையில் குந்தியிருப்பவர்களுக்கு, தூண்டில் போடுவது பொறுமையின் சாதனை என்று யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுமையின் பரம எல்லையைக் காண விரும்புவோர் ஸ்டீல்ஹெட் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்சட்கா முதல் கலிபோர்னியா வரை பசிபிக் கரையோர நதிகளில் பிறக்கும் இம்மீன், நம் நீலகிரி ஓடைகளில் வாழும் வானவில் டிரவுட்டின் இனமேதான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் அது டிரவுட்; கடலுக்குச் சென்று கொழுத்து, வெள்ளி மேனியோடு பிறந்த நதிக்கே முட்டையிடத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற எடுத்த பிரயத்தனங்கள் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பின்னரே அது அங்கே நிலைத்தது. குளிர்ந்த நீரிலன்றித் தழைக்காத இம்மீனுக்கு, குந்தாவும் பவானியும் காவிரியும் கடந்து கடலை அடையும் வழி அணைகளாலும் சமவெளியின் வெப்பத்தாலும் அடைபட்டிருப்பதால், நம் நாட்டில் டிரவுட் உண்டு, ஸ்டீல்ஹெட் இல்லை.

நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துச் செல்கிறது. ஸ்டீல்ஹெட்டைப் பிடிக்க இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈக்கோ கனமே இல்லாததால், தடித்த நரம்பின் கனமே அதைச் சுமந்து செல்ல வேண்டும். பின்புறம் மரங்கள் அடர்ந்த கரைகளில் நரம்பைப் பின்னால் வீச இடமில்லாமையால், ஸ்காட்லாந்தின் ஸ்பே நதிக்கரையில் பிறந்தது இரு கை வீச்சு. சுமார் 12 முதல் 15 அடி நீளக் கழியை இரு கைகளாலும் பற்றி, நரம்பை நீரிலிருந்து மெல்லத் தூக்கி, பக்கவாட்டில் வில்லாக வளைத்து, அதன் நுனியை நீரே பிடித்து நிறுத்த, மேல்கை தள்ளக் கீழ்கை இழுக்க, நரம்பு சாட்டையைப் போல் சுருளவிழ்ந்து எதிர்க்கரையை நோக்கி விரைகிறது. ஈ நீரோட்டத்தில் குறுக்கே நீந்தி வந்ததும், ஆற்றின் போக்கில் இரண்டடி நகர்ந்து மீண்டும் வீச்சு. ஸ்டீல்ஹெட் ஆயிரம் வீச்சுக்கு அகப்படும் மீன் என்பது அக்கலைஞரிடையே வழங்கும் வசனம்.

இத்தகைய ஈக்களுக்கு நம் தேசமும் ஒரு காணிக்கை செலுத்தியிருக்கிறது. தென்னாட்டு மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகில், மெழுகுத் துளிகளைப் போன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் உண்டு. அவற்றைச் சிறுமீனின் கண்ணாகப் பாவித்து மேனாட்டார் சால்மன் மீனுக்கான பொய் ஈக்களில் பொருத்தினர். அப்பறவை இன்று 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது.

மீன் அகப்படாத நாளிலும் ஆயுள் முழுவதும் ஒருவரை இக்கலையில் நிறுத்துவது, நீரின் வேகத்தையும் பாறையின் நிழலையும் பருவத்தின் மாறுதலையும் வாசிக்கக் கற்றுத்தரும் ஞானமேயாகும். அந்த ஞானம் முதிர்ந்தவர், அணைகளாலும் காடழிப்பாலும் அருகிவரும் மீனைப் பிடித்தும் காயமின்றி விட்டுவிடுகிறார். அமெரிக்க நதிகள் பலவற்றில், பண்ணையிலன்றி ஆற்றில் இயல்பாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை விட்டுவிடுவதே சட்டமாகவும் இருக்கிறது. சோலைக்காடு அழிந்தால் நீலகிரி ஓடையும் சூடேறும். வரத்துக்கால்வாய் தூர்ந்தால் நம் கண்மாயும் வறளும். ஆகவே, தூண்டிலை நேசிப்பவர் முதலில் நீரைக் காக்க வேண்டும். அகப்பட்ட சினை மீனை மீண்டும் குளத்தில் விடுவதிலிருந்து வடமதுரைக்காரரும் அதை இன்றே தொடங்கலாம்.