மனிதர் நலத்தில் நாயின் பங்கு: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு பார்வை

சேர்வராயன் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காட்டுக்கு உடல்நலம் நாடி வருவோர் அதன் குளிர்ந்த காற்றையும் ஏரிக்கரை நடையையும் போற்றுகின்றனர். ஆனால் காப்பித் தோட்டத்து வீடுகளிலும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களிலும் வளரும் நாயின் பயன் காவலோடு முடிந்துவிடுவதாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. மருத்துவ ஆய்வுகள் காட்டுவது இதனினும் விரிவானது.

அமெரிக்காவில் எரிகா ஃபிரீட்மனும் உடன் ஆய்வாளர்களும், இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்து 1980இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்பு விலங்கு வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், வைத்திராத 39 பேரில் 11 பேரும் அவ்வாண்டுக்குள் இறந்தனர். சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, தனித்து வாழ்வோரில் நாய் வளர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் 33 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டது. உடல் திடமாக உள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருவதும் இதற்குக் காரணமாகலாம் என்பதால், நாயை மருந்தென்று கொள்வது பிழையாகும். ஆயினும் நாய்க்காக நாள்தோறும் நடக்க வேண்டியிருப்பதும், பேச்சுத் துணையற்ற முதுமையில் அது நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருவதும் எளிதில் விளங்கக்கூடிய நன்மைகளே. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குகொள்ளும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர்.

வீட்டுத் துணையாக வாழும் நாயிலிருந்து வேறானது பணி நாய். அது பார்வையற்றவருக்கு வழிகாட்டுதல் போன்ற குறிப்பிட்ட வேலைக்காக நீண்ட காலம் பயிற்றப்படுகிறது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இத்தகைய பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் வழிகாட்டி நாய்கள் இன்றும் மிக அரிதாகவே உள்ளன. தொடர்ச்சியான நடைபாதையின்மையும் தெருநாய்களின் குறுக்கீடும் அவற்றின் பணியைக் கடினமாக்குகின்றன. மூன்றாம் வகையான சிகிச்சைத் துணை நாய், சாதுவான குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நோயாளிகளையும் சிறப்புக் குழந்தைகளையும் காண அழைத்துச் செல்லப்படுவது. 1991இல் ஹாங்காங்கில் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தைச் சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. இதற்கு வெளிநாட்டு இனமே வேண்டும் என்பதில்லை. நன்கு பழக்கப்பட்ட நாட்டு நாயும் இப்பணிக்குத் தகும். மலைநகரங்களின் முதியோர் இல்லங்களும் சிறப்புப் பள்ளிகளும் இம்முயற்சியைக் கைக்கொள்வது மிகவும் பயன் தரும்.

இந்நன்மைகள் அனைத்தும் வெறிநோய்த் தடுப்பூசியைச் சார்ந்தே நிற்கின்றன. உலகில் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களின் வழியே பரவுகிறது. அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே தடுப்பூசி போட்டுக்கொள்வது, மருத்துவமனைக்குச் செல்ல மலைப்பாதையில் நெடுந்தொலைவு வரவேண்டிய சிற்றூர்களுக்கு இன்னும் இன்றியமையாதது. விடுமுறை நாட்களில் மட்டும் மலைவீட்டுக்கு வருவோர் நாய் வளர்க்க வேண்டாம்; ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்வோர் ஒரு நாட்டு நாயை எடுத்து வளர்த்து, ஆண்டுதோறும் தவறாமல் அதற்குத் தடுப்பூசி போடட்டும்.